பழைய கொன்சோலின் படத்தை உரியவாறு பெறும் முறை

திருகோணமலையில் பரணில் கிடந்த மெகா டிரைவை (சேகா நிறுவனத்தின் பழைய வீடியோ விளையாட்டுக் கருவி) மீண்டும் தொலைக்காட்சியில் பொருத்துவோர், முதலில் செருகிகளை உலர்ந்த துணியால் நன்கு துடைக்க வேண்டும். கடலோர உப்புக்காற்றில் உலோகம் அரித்துப்போனால் படம் இரைச்சலோடு வரும்.

மஞ்சள் செருகி வழியே வருவது கொம்போசிட் இணைப்பு. அதில் ஒளிர்வும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால், அருகருகே உள்ள புள்ளிகளின் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. இதைக் குறையென்று மட்டும் கொள்ளலாகாது. 1991இல் வெளியான சோனிக் விளையாட்டின் அருவி, இடைவெளி விட்ட செங்குத்துக் கோடுகளாகவே வரையப்பட்டது. கொம்போசிட்டில் அக்கோடுகள் கலந்து, பின்னணி ஊடே தெரியும் நீராகின்றன, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் கம்பிகளில் அனுப்பும் தெளிவான ஆர்ஜிபி கேபிளிலோ கோடுகளாகவே நின்றுவிடுகின்றன. எழுத்துகளின் கூர்மைக்கு ஆர்ஜிபி சிறந்தது என்றாலும், அந்த அருவிக்காக நான் கொம்போசிட்டையே தேர்வேன்.

பழைய கொன்சோலைப் போலவே கணினியில் இயங்கும் மென்பொருளான எமுலேட்டர், இயல்பில், ஆர்ஜிபியைவிடவும் கூர்மையான படத்தையே தரும். ஆகவே அதன் அமைப்புகளில் கொம்போசிட்டின் நிறக்கலப்பைப் போலச் செய்யும் வடிகட்டியை இயக்கி, பட விகிதத்தை 4:3 ஆக வைக்கவும். படத்தின் உயரம் 224 வரிகள் என்பதால், 1080 வரித் திரையில் சரியாக 4 மடங்காக, அதாவது 896 வரிகளாகப் பெருக்கினால் புள்ளிகள் சீராக அமையும்.

இலங்கைத் தொலைக்காட்சிகள் பின்பற்றிய பால் (PAL) எனும் ஒளிபரப்பு முறை 50 ஹேர்ட்ஸ் ஆகும். அதற்கெனச் சீரமைக்கப்படாத பல விளையாட்டுகள் அதில் ஏறத்தாழ 17 சதவீதம் மெதுவாக ஓடும். எமுலேட்டரில் 60 ஹேர்ட்ஸ் பிராந்தியத்தைத் தெரிவுசெய்தால் உரிய வேகம் கிடைக்கும்.