பள்ளி மாறியதும் மதிப்பெண் குறைந்ததா? கணக்கில் நேரும் தவறுகள்

மொரீஷியஸில் கிரேடு 6 முடித்த பிள்ளைகள் எல்லோரும் தொடக்கப் பள்ளியை விட்டுக் கல்லூரிக்கு (இங்கே இடைநிலைப் பள்ளிக்கு அதுதான் பெயர்) போகிறார்கள். கிரேடு 7 முதல் தவணையில் மதிப்பெண் இறங்கினால் பழியைப் பள்ளி மாற்றத்தின்மேல் போடுவது வழக்கம். ஆனால் மாறாமல் இருந்த பிள்ளை என்று ஒப்பிட ஒருவரும் இல்லை. பாடத்திட்டம், வினாத்தாள், திருத்துபவர் எல்லாம் ஒரே நாளில் மாறுகின்றன.

கிரேடு 6 முடிவில் எழுதும் பி.எஸ்.ஏ.சி. தேர்வில் தமிழுக்கு 80, கல்லூரித் தேர்வில் 65 என்றால் 15 குறைந்துவிட்டது என்று கழித்துக் காட்டுவதுதான் முதல் தவறு. முதல் தேர்வில் சராசரி 62, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 12. அடுத்ததில் 50, 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் இரண்டிலும் 1.5 வருகிறது. பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டு சராசரியையும் அதே வகுப்புப் பிள்ளைகளை வைத்தே எடுக்க வேண்டும். ஒன்று நாடு முழுவதற்கும் மற்றது ஒரு கல்லூரிக்கும் உரியதாக இருந்தால் கணக்கு பிசகும். கிரேடு 11 முடிவில் வரும் எஸ்.சி. (பள்ளிச் சான்றிதழ்) தேர்வில் தர எண் 1 உயர்ந்தது, 9 தோல்வி. இதை மறந்து முன்னேற்றத்தைச் சரிவாக எழுதிய அட்டவணைகளும் உண்டு.

உண்மையில் ஒப்பிட வழி இருப்பது கிரேடு 10-இல்தான். கிரேடு 9 முடிவில் எழுதும் என்.சி.ஈ. தேர்வின் முடிவைக் கொண்டு சிலர் அகாடமிக்கு (மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் கல்லூரிக்கு) போகிறார்கள், மற்றவர்கள் வட்டாரக் கல்லூரியிலேயே இருக்கிறார்கள். ஆனால் போனவர்கள் அன்றைய தேர்வில் உச்சத்தில் நின்றவர்கள். அடுத்த தேர்வில் அவர்கள் சராசரியை நோக்கிச் சற்று இறங்குவது இயல்பு. சராசரி 60, இரு தேர்வுகளுக்கும் ஒட்டுறவு (இரண்டின் மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.8, திட்ட விலக்கம் சமம் என்றால், 85 எடுத்தவரிடம் அடுத்த முறை எதிர்பார்க்க வேண்டியது 60 + 0.8 × 25 = 80. அந்த 5 மதிப்பெண் சரிவுக்கும் அகாடமிக்கும் தொடர்பே இல்லை! அகாடமியின் விளைவை அறிய, அதைக் கேட்டு விண்ணப்பித்தவர்களுக்குள், கடைசியாக இடம் பிடித்தவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நடு ஆண்டில் மாறுபவர்கள் கதை வேறு. வீட்டுச் சிக்கல், வகுப்பில் கேலி, அப்பாவின் வேலை என்று ஏதோ ஒன்று மாறுவதற்கு முன்பே மதிப்பெண்ணைத் தின்றிருக்கும். கடைசித் தேர்வை மட்டும் தொடக்கப் புள்ளியாக எடுத்தால், பிறகு வரும் இயல்பான மீட்சி புதுப் பள்ளியின் சாதனையாகிவிடும். அதற்கு முந்தைய இரண்டு தேர்வுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டியூஷன் மாறியதா என்றும் கேளுங்கள். நம் ஊரில் பள்ளியைவிட டியூஷன் ஆசிரியரை மாற்றியதுதான் பெரிய மாற்றமாக இருக்கும்.

காணாமல் போனவர்களையும் எண்ண வேண்டும். பி.எஸ்.ஏ.சி.யில் தேறாமல் நீட்டிக்கப்பட்ட திட்டத்தில் சேர்ந்தவர்கள், மற்றவர்களைப் போல 3 ஆண்டில் அல்லாமல், 4 ஆண்டு படித்தே என்.சி.ஈ.க்கு வந்தார்கள். 3 ஆண்டில் பட்டியலை மூடினால் படிப்பில் பின்தங்கிய அவர்கள் எல்லோரும் விடுபட்டு, கல்லூரி திடீரென்று பிரகாசிக்கும்.

எண்ணிக்கையும் முக்கியம். மதிப்பெண் மாற்றத்தின் திட்ட விலக்கம் 12, மாறியவர்கள் 9 பேர் என்றால் திட்டப்பிழை (சராசரி எவ்வளவு தற்செயலாக ஆடக்கூடும் என்ற அளவு; 12-ஐ 9-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது) 4. இரு பக்கமும் சுமார் 9 மதிப்பெண் வரை ஆட்டம் காட்டும் அந்தச் சராசரியில் 3 மதிப்பெண் வித்தியாசத்தைத் தேடிப் பயனில்லை.