பிரசவ நேரத்தில் எதற்குப் பதற வேண்டும், எதற்கு வேண்டாம்?

ஒன்பதாம் மாதத்தில் கவலைக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் அந்தக் கவலை பெரும்பாலும் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி இரண்டு நாள் தாண்டினால் வீடே பதறுகிறது. குழந்தையின் அசைவு குறைந்தாலோ, 'கடைசியில அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்தத் தேதி என்பது கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 280 நாளைக் கூட்டிப் போட்ட கணக்கு, அவ்வளவுதான். குறித்த அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் 100-க்கு நாலைந்துதான் இருக்கும். எட்டாம் மாத ஸ்கேன் வேறொரு தேதி காட்டினால் குழம்ப வேண்டாம். அது குழந்தையின் அப்போதைய அளவை வைத்துச் சொல்வது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் சொன்ன தேதிதான் நம்பகமானது. சரி, அதற்காக 'வலி தானாக வரட்டும்' என்று 41 வாரம் கடந்தும் செக்கப் போகாமல் இருப்பதும் தவறு. நாள் கடக்கக் கடக்க நஞ்சுக்கொடியின் வேலைத்திறன் குறையக்கூடும். மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல், நல்ல நாள் பார்த்து 39 வாரத்துக்கு முன்பே குழந்தையை எடுக்கச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. மூச்சுத் திணறலோடு பிறக்கும் வாய்ப்பை நாமே கூட்டுகிறோம்.

இப்போது அசைவு. என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. உள்ளே இடம் குறைவதால் உதை ஒரு புரளலாக, நெளிவாக மாறலாம். ஆனால் அசைவு குறையாது. பிரசவ வலி தொடங்கிய பிறகும் இருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை முறை என்று எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது. உங்கள் குழந்தை எந்த நேரத்தில் எப்படி அசையும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த வழக்கம் மாறினால் அன்றைக்கே, நடு ராத்திரியானாலும், மருத்துவமனைக்குப் பேசுங்கள். குளிர்ந்த தண்ணீரும் இனிப்பும் சாப்பிட்டுவிட்டு விடியும்வரை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இதயத்துடிப்பு கேட்கும் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதி அடைவதும் ஆபத்து. அதில் கேட்பது உங்கள் நாடித் துடிப்பாகக்கூட இருக்கலாம். 'நேற்றுதானே போய் வந்தோம், மறுபடியும் போனால் என்ன நினைப்பார்கள்' என்ற கூச்சம் வேறு. இரண்டாம் முறை போவதை எந்த நல்ல டாக்டரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

'சகஜம்தான்' என்று தள்ளிவிடும் இன்னும் இரண்டு உண்டு. கால் வீக்கம் சாதாரணம். ஆனால் முகமும் கைகளும் திடீரென்று வீங்கி, விடாத தலைவலி, கண்ணில் பொறி பறப்பது, நெஞ்சுக்குக் கீழே வலி என்று வந்தால் உடனே பிரஷர் பார்க்க வேண்டும். 140/90 என்றாலே கவனிக்க வேண்டிய அளவு. அடுத்தது, ராத்திரியில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிப்பது. தோலில் தடிப்பே இல்லாமல் அரித்தால் கல்லீரலில் சிக்கல் இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

தூங்கும்போது மல்லாந்து படுக்காமல் எந்தப் பக்கமாவது ஒருக்களித்துப் படுங்கள். நடுவில் மல்லாந்து கிடந்து விழித்தால் பயம் வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும்.

பொய் வலியா நிஜ வலியா என்பதில் எல்லோருக்கும் குழப்பம். ஒழுங்கில்லாமல் வந்து, எழுந்து நடந்தால் அடங்குவது பொய் வலி. இடைவெளி குறைந்து, நேரமும் வேகமும் கூடிக்கொண்டே போவது நிஜம். முதல் பிரசவத்தில், 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடிப்பதாக, ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம் என்பது பொதுவான கணக்கு. பனிக்குடம் உடைந்தால் இந்தக் கணக்கு செல்லாது. வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால், ரத்தம் கொட்டினால், 37 வாரத்துக்கு முன்பே வலி வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைத்தால் சிசேரியனில்தான் முடியும் என்பதும், ஆயுசுக்கும் முதுகுவலி என்பதும் வெறும் பயம்.

அப்புறம், குழந்தை பிறந்த நிமிடத்திலிருந்து எல்லோர் கண்ணும் குழந்தை மேல். தாயை யாரும் பார்ப்பதில்லை. ரத்தப்போக்கு நாலைந்து வாரம் இருக்கும், சிவப்பு மெல்ல வெளுக்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, முட்டை அளவு கட்டி வெளியேறினாலோ அது அவசரம். 38 டிகிரி செல்சியஸ் தாண்டிய காய்ச்சலும் அப்படித்தான். 'பச்சை உடம்பு, அசையாதே' என்று நாள் முழுக்கப் படுக்கவைத்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். சிசேரியன் ஆனவரும் சீக்கிரமே எழுந்து மெல்ல நடக்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், உடனே மருத்துவமனைதான். மேலே சொன்ன பிரஷர் தொந்தரவு பிரசவத்துக்குப் பிறகும் வரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சம்தான் சுரக்கும். பிறந்த குழந்தையின் வயிற்றுக்குப் பெரும்பாலும் அது போதும். 'பால் பத்தவில்லை' என்று அவசரப்பட்டு புட்டிக்குத் தாவுவதைவிட ஈரத்துணியை எண்ணுங்கள்: ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு 6 முறையாவது சிறுநீர் போனால் நல்ல அறிகுறி.

மூன்றாம், நான்காம் நாள் தாய்க்குக் காரணமில்லாமல் அழுகை வரும். இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும். வடியாமல் நீண்டால் அது மனச்சோர்வு, அதற்குச் சிகிச்சை உண்டு. இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீத எண்ணம் வருவது என்றால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும், தாயைத் தனியாக விடக் கூடாது.

ஆறாம் வாரச் செக்கப்பில் குழந்தையின் எடையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தும்மினால் சிறுநீர் கசிவது, தையல் வலி, தூக்கம் வராதது எல்லாவற்றையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கருத்தடைப் பேச்சை மட்டும் அதுவரை தள்ளிப்போட வேண்டாம். மாதவிடாய் திரும்பும் முன்பே, 3 வாரம் ஆனதுமே, மறுபடி கருத்தரிக்கும் வாய்ப்பு இருக்கிறது.