உலக நடப்பு க்விஸ்: முதல் முறை களமிறங்கும் கல்லூரி அணிக்கு

உலக நடப்பு க்விஸ் என்றதும் பலரும் தலைநகரம், நாணயம், அதிபர் பெயர் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள். அது கொஞ்ச தூரம்தான் கைகொடுக்கும். நல்ல க்விஸ் மாஸ்டர் விடைக்கான நூலைக் கேள்விக்குள்ளேயே விட்டுவைப்பார். அதைப் பிடித்து இழுக்கப் பழகுவதுதான் தயாரிப்பு.

1. ஆள் சேர்ப்பு

மூவர் அணி என்றால் ஒருவர் வரைபடமும் எல்லைகளும், ஒருவர் ஐ.நா., நேட்டோ, பிரிக்ஸ் (இந்தியா, சீனா, ரஷ்யா உள்ளிட்ட நாடுகளின் கூட்டமைப்பு) போன்ற அமைப்புகள், ஒருவர் பொருளாதாரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மூவருக்கும் ஒரே விஷயம்தான் தெரியும் என்றால் மூன்று பேர் இருந்தும் பயனில்லை.

2. வரைபடத்தோடு செய்தி

செய்தியில் வரும் ஒவ்வொரு இடத்தையும் வரைபடத்தில் தேடிப் பாருங்கள். செங்கடலின் தெற்கு வாசல் பாபல் மண்டப் நீரிணை. ஒரு கரையில் யேமன், மறுகரையில் ஜிபூட்டியும் எரித்ரியாவும். 2023 இறுதியில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் அந்தப் பகுதியில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் பல நிறுவனங்கள் செங்கடலின் வடக்கு வாசலான சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனது ஏன் என்று வரைபடம் பார்த்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

3. படித்ததைக் கேள்வியாக்குங்கள்

தினமும் ஆளுக்கு ஒரு கேள்வி எழுதி மற்ற இருவரிடம் கேளுங்கள். எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். உதாரணமாக: “2023 ஏப்ரலில் ஒரு நாடு சேர்ந்ததால், ரஷ்யாவுடன் ஒரு ராணுவக் கூட்டணிக்கு இருந்த நில எல்லை இரண்டு மடங்குக்கும் மேலானது. எந்த நாடு?”

தேதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ராணுவக் கூட்டணி என்றால் நேட்டோ. ரஷ்யாவுடன் நீண்ட எல்லை உள்ள நாடுகளை எண்ணுங்கள். கஜகஸ்தான், மங்கோலியா, சீனா நேட்டோ பக்கமே போகவில்லை. உக்ரைன் இன்னும் சேரவில்லை. ஸ்வீடன் என்று சொல்ல நாக்கு துடிக்கும். ஆனால் அதற்கு ரஷ்யாவுடன் நில எல்லையே கிடையாது, அது சேர்ந்ததும் 2024 மார்ச்சில்தான். மிஞ்சுவது பின்லாந்து. இந்தக் கழித்தலைச் சத்தமாகப் பேசிச் செய்யுங்கள். ஒருவர் சொல்லும் அரைகுறைத் தகவல்தான் அடுத்தவருக்கு விடையைத் திறந்துவிடும்.

4. மாறும் தகவல்கள்

ஐ.நா. பாதுகாப்பு அவையின் 15 உறுப்பு நாடுகளில் 10 நாடுகள் தேர்ந்தெடுக்கப்படுபவை. அவற்றில் ஐந்து ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். பிரிக்ஸில் இந்தோனேசியா 2025 ஜனவரியில் சேர்ந்தது. போட்டிக்கு முந்தைய நாள் இவற்றை ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

5. போட்டி நாள்

எழுத்துச் சுற்றில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் இருந்தால் அவற்றை முதலில் முடியுங்கள். மதிப்பெண் சமமாகும்போது பெரும்பாலும் அவைதான் முடிவு செய்யும். நெகட்டிவ் (தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது) இல்லை என்று அறிவித்திருந்தால் எந்த இடத்தையும் காலியாக விடாதீர்கள். அப்புறம் மேடைச் சுற்று. வேறு அணிக்குப் போன கேள்விக்கு முந்திக்கொண்டு எழுதிக் கொடுக்கலாம் என்ற விதி இருந்தால், தவறான விடைக்குப் பெரும்பாலும் மதிப்பெண் குறையும். இரண்டு பேராவது ஒத்துக்கொண்ட விடையை மட்டும் எழுதிக் கொடுங்கள்.