சர்வதேச ஐஸ் ஹாக்கியில் பந்தயம்: கையைச் சுட்டுக்கொள்ளும் இடங்கள்

உலக ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப் வழக்கமாக ஒவ்வொரு மே மாதமும் நடக்கிறது. 16 அணிகள், இரண்டு பிரிவுகள். பிரிவுக்கு முதல் நான்கு அணிகள் காலிறுதிக்குப் போகும், அங்கே தோற்றால் நேரே வீட்டுக்கு. இதில் பந்தயம் கட்டுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, கனடா என்ற பெயரைப் பார்த்ததும் கனடாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் எல்லாம் வந்திருப்பார்கள் என்று எடுத்துக்கொள்வது. மே மாதத்தில் அதற்கு வழியே இல்லை.

அந்த நேரத்தில்தான் வட அமெரிக்காவில் என்ஹெச்எல் (தேசிய ஹாக்கி லீக்) என்ற தொழில்முறை லீகின் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான வெளியேற்றச் சுற்றுகள், சூடாக நடக்கும். லீகில் 32 கிளப்புகள். அவற்றில் 16 பிளேஆஃபுக்குப் போகின்றன. மீதி 16 கிளப்புகளின் ஆட்டக்காரர்களும், முதல் சுற்றுகளில் தோற்றவர்களும்தான் நாட்டுக்கு ஆட வர முடியும். அவர்களிலும் காயம், களைப்பு, ஒப்பந்தம் முடியும் நேரம் என்று பலர் வர மறுத்துவிடுவார்கள். ஆக, மே மாதக் கனடாவும் ஒலிம்பிக் கனடாவும் ஒரே சட்டை போட்ட இரண்டு வேறு அணிகள்.

2021 உலகச் சாம்பியன்ஷிப்பில், லாட்வியாவின் ரீகாவில் நடந்ததைப் பாருங்கள். கனடா முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது: லாட்வியாவிடம் 0-2, அமெரிக்காவிடம் 1-5, ஜெர்மனியிடம் 1-3. பெயரை நம்பிக் கட்டியவர்களுக்கு மூன்று முறையும் பணம் போனது. அத்தோடு கனடாவைக் கைகழுவியவர்களுக்கும் அப்புறம் போனது. பிரிவின் கடைசி நாளில் ஜெர்மனி லாட்வியாவை வென்றதால் நான்காவது இடத்தில் எப்படியோ நுழைந்த அதே அணி, இறுதியில் ஃபின்லாந்தை ஓவர்டைமில் (கூடுதல் நேரத்தில்) 3-2 என வென்று தங்கம் வாங்கியது. அவசரமாகக் கூட்டிய அணி ஒன்றாகச் சேர்ந்து ஆடப் பழகச் சில நாள் ஆகும். முதல் இரண்டு மூன்று ஆட்டங்களை வைத்து அந்த அணியின் முழுத் தரத்தையும் எடைபோட முடியாது.

ஒலிம்பிக்கிலும் இதே கதைதான், வேறு வடிவத்தில். 1998 முதல் 2014 வரை என்ஹெச்எல் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். 2018-லும் 2022-லும் வரவில்லை. 2018-இல் ஜெர்மனி அரையிறுதியில் கனடாவைத் தோற்கடித்து இறுதிவரை போனது. 2014-இன் முடிவுகளை வைத்து 2018-க்குக் கணக்குப் போட்டிருந்தால் அது முழுக்க வேறொரு போட்டியின் கணக்கு. பழைய நேருக்கு நேர் முடிவுகளைப் பட்டியலாகப் போட்டு ஆசை காட்டும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. அந்த ஆட்டங்களில் யார் ஆடினார்கள் என்று சொல்லாத பட்டியலால் எந்தப் பயனும் இல்லை.

தரவரிசையும் அப்படித்தான். சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தின் பட்டியல் கடந்த நான்கு ஆண்டுகளின் முடிவுகளைக் கூட்டித் தருவது. இன்றிரவு ஆடப்போகும் 20 சொச்சம் பேரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இன்னொன்று, போட்டி தொடங்கிய பிறகும் அணி மாறிக்கொண்டே இருக்கும். பல நாடுகள் வேண்டுமென்றே சில இடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு, என்ஹெச்எல் கிளப்புகள் தோற்று வெளியேறுவதற்காகக் காத்திருக்கும். 2024-இல் பிராகாவில் செக் அணிக்கு அப்படித்தான் வாய்த்தது. மே 17 அன்று பாஸ்டன் ப்ரூயின்ஸ் பிளேஆஃபில் தோற்றது. உடனே அந்தக் கிளப்பின் செக் ஆட்டக்காரர்கள் டேவிட் பாஸ்டர்னாக்கும் பாவெல் ஸாஹாவும் விமானம் ஏறினார்கள். காலிறுதியில் அமெரிக்காவை 1-0 என வீழ்த்திய ஒரே கோல் ஸாஹா அடித்தது. இறுதியில் ஸ்விட்சர்லாந்துக்கு எதிரான முதல் கோல் பாஸ்டர்னாக்குடையது. 'யார் கோப்பை வெல்வார்' என்ற பந்தயத்தை மே முதல் வாரத்திலேயே கட்டி முடிப்பவர், இந்த ஆட்டக்காரர்கள் எங்கே ஆடுவார்கள் என்று தெரியாமலே கட்டுகிறார். என்ஹெச்எல் பிளேஆஃபில் எந்தக் கிளப் எந்த நாள் வெளியேறும் என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தப் போட்டியைப் பார்க்கவே கூடாது என்பது என் கருத்து.

சரி, ஆட்டக்காரர்கள் பட்டியல் தெரிந்துவிட்டது. அடுத்து, எல்லாவற்றையும் விட முக்கியமானது கோல்கீப்பர். பிரிவுச் சுற்றில் ஒரு அணி பதினோரு நாளுக்குள் ஏழு ஆட்டம் ஆட வேண்டும். அடுத்தடுத்த நாளில் ஆட்டம் வருவதும் உண்டு. அதனால் பயிற்சியாளர்கள் கோல்கீப்பரை மாற்றி மாற்றி இறக்குவார்கள்; பலவீனமான எதிரணி என்றால் இரண்டாமவருக்கு வாய்ப்புக் கொடுப்பார்கள். அன்று யார் நிற்கிறார் என்பது ஆட்டத்துக்குச் சற்று முன்னால்தான் உறுதியாகும். முந்தின நாள் இரவே பணம் கட்டுவதில் லாபம் ஒன்றும் இல்லை, இந்த ஒரு தகவலை இழப்பதைத் தவிர.

2025 மே 22, டென்மார்க்கின் ஹெர்னிங் நகரம். காலிறுதியில் கனடாவும் டென்மார்க்கும். கனடா பக்கம் சிட்னி கிராஸ்பி, நேதன் மெக்கின்னன் என்ற என்ஹெச்எல் நட்சத்திரங்கள். ஆட்ஸைப் (வென்றால் கட்டிய பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்ற எண்ணை) பார்த்தால் டென்மார்க்குக்கு இடமே இல்லை. கனடா சுமார் 40 முறை கோலை நோக்கி அடித்தது. டென்மார்க்கின் கோல்கீப்பர் ஃப்ரெடெரிக் டீகாவ் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்தினார். ஆனாலும் கடைசி மூன்று நிமிடம் வரை கனடா 1-0 என முன்னிலை. ஆட்டம் முடிய 2 நிமிடம் 17 விநாடி இருக்கும்போது நிகோலாய் ஏலர்ஸ் சமன் செய்தார். அவரும் வின்னிபெக் ஜெட்ஸ் பிளேஆஃபில் தோற்ற பிறகு வந்து சேர்ந்தவர்தான். 49 விநாடி மீதமிருக்கும்போது நிக் ஓலெசென் அடித்தார். 2-1, கனடா வெளியே. கனடா அன்று மோசமாக ஆடவில்லை. ஒரே ஆட்டத்தில் முடிவாகும் சுற்றில், நல்ல நாளில் இருக்கும் ஒரு கோல்கீப்பர் பெரிய அணியின் எல்லா மேன்மையையும் 60 நிமிடத்துக்கு நிறுத்தி வைக்க முடியும். என்ஹெச்எல் பிளேஆஃபின் ஏழு ஆட்டத் தொடரில் இது மிகவும் கடினம். இங்கே அப்படியில்லை. கனடா மாதிரி அணிக்கு 1.15, 1.20 என்று ஆட்ஸ் வரும்போது, நூறு கட்டிப் பதினைந்தோ இருபதோ எடுக்க நினைப்பவர் இந்த இரவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே டென்மார்க், இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் ஸ்விட்சர்லாந்திடம் 0-7 எனத் தோற்றது. அந்த இரண்டு நாளில் டென்மார்க் மீது ஆசையோடு கட்டியவர்கள் அடுத்த தவறைச் செய்தார்கள். நேற்று பார்த்த அற்புதத்தை வைத்து நாளைக்கு விலை பேசுவது அந்தத் தவறு.

இப்போது, மிகவும் வயிற்றெரிச்சல் தரும் இடத்துக்கு வருகிறேன். உங்கள் அணி வென்றுவிட்டது, ஆனால் உங்கள் பந்தயம் தோற்றுவிட்டது. புதிதாக வருகிறவர்களில் பலருக்கு இது ஒரு முறையாவது நடக்கும், முழுக்கத் தவிர்க்கக்கூடியது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஐஸ் ஹாக்கியில் பந்தயம் இரண்டு வகையாக விற்கப்படுகிறது. ஒன்று, மூன்று வாய்ப்புகள் கொண்டது: முதல் அணி, டிரா, இரண்டாம் அணி. இது 60 நிமிட ஆட்டத்தோடு முடிந்துவிடும். ஓவர்டைமில் யார் வென்றாலும் கணக்கில் வராது. இன்னொன்று இரண்டே வாய்ப்புகள் கொண்ட மனிலைன். இதில் ஓவர்டைமும், அப்போதும் சமனாக இருந்தால் கோல்கீப்பருக்கு எதிராக ஒருவர் ஒருவராக அடிக்கும் ஷூட்அவுட்டும் சேரும். முதல் வகையில் ஆட்ஸ் பார்க்க அழகாக இருக்கும், ஏனென்றால் டிராவின் ஆபத்தை நீங்கள் சுமக்கிறீர்கள்.

2025 இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா, ஸ்விட்சர்லாந்து. 60 நிமிடம் முடிந்தபோது 0-0. ஓவர்டைமில் டேஜ் தாம்ப்சன் அடித்த கோலில் அமெரிக்கா கோப்பை வாங்கியது. மூன்று வாய்ப்புப் பந்தயத்தில் 'அமெரிக்கா வெற்றி' என்று கட்டியவருக்கு ஒரு காசு கிடையாது. அங்கே வென்றது டிரா. 2024 டிசம்பரில் ஒட்டாவாவில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியிலும் இதேதான். லாட்வியா, சொந்த மண்ணில் ஆடிய கனடாவை ஷூட்அவுட்டில் 3-2 என வென்றது. துணிந்து லாட்வியா மீது பெரிய ஆட்ஸில் கட்டிய ஒருவர், அது 60 நிமிடப் பந்தயமாக இருந்தால், வெறுங்கையோடுதான் போயிருப்பார்.

இறுதி ஆட்டங்கள் இறுக்கமாக இருக்கும் என்பதையும் கவனியுங்கள். 2021 முதல் 2025 வரையிலான ஐந்து ஆண்கள் உலகச் சாம்பியன்ஷிப் இறுதிகளில் மூன்று ஓவர்டைமுக்குப் போயின. ரசீதில் 'ஓவர்டைம் உட்பட' என்று இருக்கிறதா, 'வழக்கமான நேரம்' என்று இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் படிக்க அரை நிமிடம் போதும்.

மொத்த கோல் பந்தயத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. ஷூட்அவுட்டில் எத்தனை முறை பக் (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) உள்ளே போனாலும், வென்ற அணிக்கு ஒரே ஒரு கோல்தான் சேர்க்கப்படும். 2-2 என்று முடிந்து ஷூட்அவுட்டுக்குப் போன ஆட்டம் 3-2 ஆகும். 4.5-க்கு மேல், அதாவது மொத்தம் ஐந்து கோலாவது விழும் என்று கட்டியிருந்தால், அந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்து அது வெற்றியாகவும் இருக்கலாம், தோல்வியாகவும் இருக்கலாம்.

பக் லைன் என்று ஒன்று இருக்கிறது. வலுவான அணி இரண்டு கோல் வித்தியாசத்திலாவது வெல்ல வேண்டும் என்பது அதன் வழக்கமான வடிவம். இங்கே காலி கோலைப் பற்றித் தெரியாமல் கட்டக்கூடாது. ஒரு கோல் பின்தங்கிய அணி கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கும். அப்போது ஒன்று சமன் ஆகும், அல்லது காலிக் கோலில் இன்னொரு பக் விழும். 2024 இறுதி கடைசி விநாடிகள் வரை 1-0 தான். காலிக் கோலில் டேவிட் காம்ஃப் அடித்ததால் 2-0. மறுபக்கம், 2018 ஒலிம்பிக் இறுதியில் ஜெர்மனி 3-2 என்று முன்னிலையில் இருக்கும்போது, ரஷ்ய ஆட்டக்காரர்களின் அணி ஒரு ஆள் குறைவாக இருந்தும் கோல்கீப்பரை வெளியே எடுத்து, ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது சமன் செய்து, ஓவர்டைமில் வென்றது. நேரலையில் பந்தயம் கட்டுபவர்கள் கடைசி மூன்று நிமிடத்தில் 'இனி ஒன்றும் மாறாது' என்று பணத்தை இறக்குவது எனக்குப் புரியாத துணிச்சல்.

பிரிவின் கடைசி நாள் ஆட்டங்களைத் தொடாமல் இருப்பதே நல்லது. 60 நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி, ஓவர்டைமில் வென்றால் 2, அதில் தோற்றால் 1. ஏற்கெனவே இடம் உறுதியான அணி முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுக்கும். ஒரு புள்ளி மட்டும் போதும் என்ற நிலையில் இருக்கும் அணி 2-2-இல் ஆபத்து எடுக்காது. புள்ளிப் பட்டியலைப் பார்க்காமல் பலத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாற்றம்தான்.

பனித்தளத்தின் அளவும் பேசப்படும்: ஐரோப்பியத் தளம் 30 மீட்டர் அகலம், என்ஹெச்எல் தளம் சுமார் 26 மீட்டர். இப்போது பல சர்வதேசப் போட்டிகள் குறுகிய தளத்திலேயே நடக்கின்றன. எந்த அரங்கம் என்று பாருங்கள், அது போதும்.

அடுத்தது கணக்கு. ஒரு ஆட்டத்துக்கு 1.80, 4.20, 4.00 என்று மூன்று ஆட்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஒவ்வொன்றாலும் வகுத்தால் 55.6, 23.8, 25 சதவீதம். கூட்டினால் 104.4. நூறுக்கு மேல் இருக்கும் அந்த 4.4 நிறுவனத்தின் பங்கு. இதே மாதிரி நான்கு ஆட்டங்களை ஒரே சீட்டில் சேர்த்துக் கட்டினால் அந்தப் பங்கு ஒன்றோடு ஒன்று பெருகி கிட்டத்தட்ட 19 சதவீதம் ஆகிறது. அதாவது, நீங்கள் கட்டும் 100 ரூபாயின் நியாயமான மதிப்பு 84 ரூபாய்தான். நிறுவனங்கள் இந்தச் சேர்ப்புச் சீட்டுகளுக்குப் போனஸ் அறிவித்துக்கொண்டே இருப்பதன் காரணம் இதுதான்.

தோற்ற பணத்தை உடனே மீட்க அடுத்த ஆட்டத்தில் இரட்டிப்பாகக் கட்டுவது குடும்பங்களை நாசமாக்கியிருக்கிறது. 100-இல் தொடங்கி ஐந்து முறை தோற்றால் போனது 3,100. ஆறாவது முறை 3,200 கட்ட வேண்டும், 2.00 ஆட்ஸில் வென்றால் மிஞ்சுவது அதே 100. உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒரே நாளில் நான்கு ஆட்டம்கூட நடக்கும். மதியம் தோற்றவருக்கு இரவுக்குள் இன்னொரு ஆட்டம் தயாராக இருக்கும். ஒரு ஆட்டத்துக்கு, ஒதுக்கிய தொகையில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குக்கு மேல் வைக்காதீர்கள். ஒதுக்கும் தொகையும் வாடகை, பள்ளிக் கட்டணம், கடன் எதையும் தொடாததாக இருக்கட்டும்.

இந்தியாவில் இருந்து படிக்கிறவர்கள் கட்டவே வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதையும், விளம்பரம் செய்வதையும், அதற்கு வங்கிகள் பணப் பரிமாற்றம் செய்வதையும் தடை செய்கிறது. டெலிகிராமில் வரும் வெளிநாட்டுத் தளங்களில் கட்டி வென்றாலும், பணம் வராவிட்டால் போய் நிற்க ஒரு வாசல் கிடையாது. 'நிச்சய டிப்ஸ்' விற்கும் குழுக்களும் அதே ரகம்.

கனடாவில் நிலைமை வேறு. 2021 ஆகஸ்டிலிருந்து ஒரே ஆட்டத்தின் மீது கட்டும் பந்தயம் அங்கே சட்டப்படி சரி. ஒன்டாரியோவில் 2022 ஏப்ரலிலிருந்து உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்கள் இயங்குகின்றன, வயது வரம்பு 19. ரொறன்ரோவில் நம் பிள்ளைகள் பலர் ஹாக்கியோடு சேர்த்தே இந்தச் செயலிகளையும் பார்த்து வளர்கிறார்கள். உரிமம் பெற்ற தளங்களில் கணக்கு அமைப்புப் பகுதியில் வாரத்துக்கு இவ்வளவுதான் போட முடியும் என்று வரம்பு வைக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குக் கணக்கையே பூட்டிவைக்கவும் கேட்கலாம். அந்த வரம்பைப் போட்டி தொடங்கும் முன்பே, முதல் பக் விழுவதற்கு முன், போட்டுவிடுங்கள்.