கோட்லினில் எழுதிவிட்டால் போதுமா?

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கடைகளுக்கு அப் செய்துகொடுக்கும் பொடியன்மாரிடம் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், பலரும் அப் எழுதும் நிரல்மொழியின் பெயரைத்தான் சொல்வார்கள்: கோட்லின், ஜாவா, ரஸ்ட். அதில் விஷயம் இல்லாமலில்லை. மைக்ரோசொஃப்ட் தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று 2019இல் சொன்னது. பெரும்பாலும் சி, சி++ என்ற பழைய மொழிகள் செய்யும் வினை. மேற்சொன்ன மொழிகள் அதை வெகுவாக அடைத்துவிடுகின்றன. ஆனால் 2021 டிசம்பரில் உலகையே ஆட்டிவைத்த லொக்ஃபோர்ஷெல் ஓட்டை இருந்தது ஜாவா நூலகமொன்றில், அதாவது பலரும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த கோட் தொகுப்பொன்றில். நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் எழுதவேண்டிய வெறும் வாசகத்தைக் கட்டளையாக வாசித்து, வெளியிடத்திலிருந்து கோட் இறக்கி ஓட்டிவிட்டது.

நம்மூர் அப்களிலும் அதே நோய்தான், வருவதையெல்லாம் நம்புவது. இறால் விற்கும் ஓர் அப் என்று வையுங்கள். போனே கணக்குப் போட்டு, "இறால், 2 கிலோ, மொத்தம் 5,000 ரூபாய்" என்று அனுப்புகிறது. சேர்வரும் அப்படியே பதிந்துகொள்கிறது. நடுவே, போகும் தகவலை இடைமறித்து மாற்றவிடும் ப்ரொக்ஸி என்ற கருவியை வைத்து 5,000ஐ 50 ஆக்குவது கொஞ்சம் விஷயம் தெரிந்த மாணவனுக்கே பெரிய வேலையில்லை. போன் இருப்பது வாங்குகிறவர் கையில். அதிலிருந்து வருவதெல்லாம் அவர் சொல்வதுதான். பொருளையும் அளவையும் மட்டும் வாங்கிக்கொண்டு விலையை சேர்வரே போடட்டும். அளவு மைனஸ் 2 என்று வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள்.

அப்புறம், வெளிச் சேவைகளைத் திறக்கும் கடவுச்சொல் போன்ற இரகசியச் சாவியை அப்புக்குள் வைப்பது. அண்ட்ரொய்ட் அப் வரும் ஏபிகே கோப்பு ஒரு ஸிப் பொதிதான். ஜாட்எக்ஸ் போன்ற இலவசக் கருவியில் போட்டால் உள்ளே இருப்பது ஓரளவு ஜாவாவாகவே திரும்பி வரும். பெயர்களைக் குழப்பிவிடும் கருவிகள் உண்டு, ஆனால் மேற்கோள்குறிக்குள் எழுதிய சாவி பெரும்பாலும் அப்படியே கிடக்கும். ஏற்கெனவே வெளியிட்டுவிட்டீர்களா? புது வெர்ஷனில் அழித்தால் மட்டும் போதாது. அந்தச் சாவியையே இரத்துசெய்யுங்கள்.

வாவியோரம் சிக்னல் போய்ப்போய் வரும் இடங்களில் இன்னொன்று நடக்கும். ஓடர் சேர்வரை அடைந்துவிடும், பதில் வழியில் தொலைந்துவிடும். வாடிக்கையாளர் திரும்ப அமத்துவார். காசு இரண்டு தரம் போகும். அமத்தியதும் பொத்தானை முடக்குவது பாதி மருந்துதான், அப்பை மூடித் திறந்தால் பொத்தான் மீண்டும் வந்துவிடும். ஒவ்வொரு ஓடருக்கும் தனி இலக்கமொன்றைப் போனிலேயே உருவாக்கிச் சேமித்து, எத்தனை தரம் அனுப்பினாலும் அதே இலக்கத்தோடு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு அமத்தலுக்கும் புது இலக்கம் போடுகிறவர்களும் உண்டு, அதில் பயனே இல்லை. அதே இலக்கம் இரண்டாம் முறை பதியாதபடி தரவுத்தளத்திலும் கட்டுப்பாடு இருக்கட்டும்.

அப் பேசுவது உண்மையான சேர்வரோடுதானா என்று பார்ப்பது டீஎல்எஸ் சான்றிதழ் சரிபார்ப்பு. பரிசோதனைக்காக அதை நிறுத்திவிட்டு, அப்படியே வெளியிடுவதும் நடக்கிறது. ஏற்றுவதற்கு முன் கோடில் அந்தச் சரிபார்ப்பைச் செய்யும் டிரஸ்ட்மேனேஜர் (TrustManager) என்ற பகுதியைத் தேடிப்பாருங்கள். சரிபார்க்கும் இடம் வெறுமையாக இருந்தால் எந்தப் போலிச் சான்றிதழையும் அப் ஏற்றுக்கொள்ளும்.