பாதுகாப்புப் பயிற்சிக்கு நிதி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கல் பட்டறைத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தர நினைக்கும் அமைப்புகள் முதலில் போய் நிற்பது ஓசூர் கம்பெனிகளின் வாசலில்தான். சிஎஸ்ஆர் நிதி, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் பணம், கேட்பது நல்ல வழிதான். ஆனால் "உங்கள் ஊழியர்களுக்கே பயிற்சி தருகிறோம்" என்று எழுதிக் கொடுத்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். தன் ஊழியர்களுக்கான செலவை ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் கணக்கில் காட்ட முடியாது. அங்கே சம்பளம் வாங்காத சிறு பட்டறை ஆட்களுக்கும் கட்டட வேலைக்காரர்களுக்கும் என்று கேளுங்கள்.

அப்புறம் பதிவு. நிதி வாங்கிச் செயல்படுத்தும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். கம்பெனி சரி என்று சொன்ன பிறகு இதற்கு ஓடாதீர்கள்.

முதலாளி செய்ய வேண்டியதை நன்கொடைக் கணக்கில் தள்ளுவது பெரிய தவறு. குவாரியும் சட்டப்படி சுரங்கம்தான். புதிதாக வேலைக்கு வருபவருக்குப் பயிற்சி கொடுப்பது சுரங்க உரிமையாளரின் பொறுப்பு என்று 1966-ம் ஆண்டு சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளே சொல்லிவிட்டன. அதற்குப் போய் நிதி கேட்டால், உண்மையில் யாருமே கவனிக்காத பட்டறைத் தொழிலாளருக்குக் கிடைக்க வேண்டிய பணம் போய்விடும். எனக்கு இது ஒப்பவே இல்லை.

பட்ஜெட்டில் ஹால் வாடகை, பேனர், சாப்பாடு எல்லாம் இருக்கும். அன்றைய கூலி இருக்காது. தினக்கூலிக்காரர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருவார் என்று எப்படி எதிர்பார்ப்பது? மாங்கூழ் ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு என்றால் ஜூன் மாதத்தில் தேதி வைக்காதீர்கள். பழம் வந்து குவிகிற நேரத்தில் யாராலும் நகர முடியாது. எல்லைப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசுபவர்களும், வேலைக்கு வந்த வடமாநிலத்தவரும் இருக்கிறார்கள். தமிழில் மட்டும் துண்டறிக்கை அச்சடித்தால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது.

பயிற்சியில் என்ன சொல்லித் தரப் போகிறீர்கள் என்பதையும் பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். தண்ணீர் விடாமல் கல்லைத் துளைத்தால், அறுத்தால், கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசி நுரையீரலில் படியும். அதனால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. வாயில் கட்டும் துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது. இதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

கடைசியாக, "200 பேருக்குப் பயிற்சி" என்ற கணக்கோடு அறிக்கையை முடிக்காதீர்கள். மூன்று மாதம் கழித்துப் பட்டறைக்குத் திரும்பப் போய், துளைக்கிற இடத்தில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்று பார்த்து எழுதுங்கள். அந்தப் போக்குவரத்துச் செலவையும் முதலிலேயே பட்ஜெட்டில் போட்டுவிடுங்கள்.