திங்கட்கிழமை லீவா? ஃபொந்தேன்புளோவுக்குப் போய் வாருங்கள்

பாரிசுக்கு வந்து கொஞ்ச நாளிலேயே யாராவது கேட்பார்கள், "வேர்சாய் பார்த்தாச்சா?" என்று. பார்க்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் புதிதாக வந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஃபொந்தேன்புளோ அரண்மனையைத்தான். நம் ஆட்களில் நிறையப் பேருக்கு உணவகத்தில் வேலை, பல உணவகங்களில் ஓய்வு நாள் திங்கள். வேர்சாய் அரண்மனைக்கும் அன்றுதான் விடுமுறை. ஃபொந்தேன்புளோ திங்கட்கிழமை திறந்திருக்கும், செவ்வாய்தான் பூட்டு. ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 மூன்று நாளும் திறக்கமாட்டார்கள்.

அடுத்தது காசு. எல்லாப் போக்குவரத்து வலயங்களுக்குமான மாத நவிகோ (ரயில், பஸ் பயண அட்டை) கையில் இருந்தால் போய்வரத் தனியாக ஒரு சதமும் வேண்டாம். ஃபொந்தேன்புளோ 5ஆம் வலயத்துக்குள்தான் வருகிறது. (நவிகோ காசில் பாதியை முதலாளி திருப்பித் தரவேண்டும் என்பது சட்டம். தராவிட்டால் சம்பளச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள், அது சலுகை இல்லை.) நவிகோ இல்லாதவர்கள் தனி டிக்கெட் எடுக்கலாம். 2025 ஜனவரியிலிருந்து விமான நிலையங்களைத் தவிர்த்து பாரிஸ் பிராந்தியம் முழுக்க ரயிலுக்கு ஒரே விலை, பஸ்ஸுக்கு வேறு விலை. அந்த ரயில் டிக்கெட் பஸ்ஸில் செல்லாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

பாரிசில் நம் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருப்பவர்களுக்கு இன்னோர் ஆசை வரும். கார் து நோர் ரயில் நிலையத்தில் ஏறினால் 25 நிமிடத்தில் ஷொந்திய்யி, அங்கேயும் வடிவான ஒரு அரண்மனை. ஆனால் ஷொந்திய்யி வேறு பிராந்தியத்தில் இருக்கிறது. பாரிஸ் நவிகோ அதுவரை செல்லாது. பரிசோதகர் ஏறினால் "தெரியாது" என்பதெல்லாம் எடுபடாது, அபராதம்தான். அங்கே போவதென்றால் முழுப் பயணத்துக்கும் முறையாக டிக்கெட் எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் போங்கள்.

சரி, போகும் வழி. கார் து நோரிலிருந்து எர்ஓஎர் டி என்ற புறநகர் ரயிலில் இரண்டாவது நிறுத்தம் கார் து லியோன். அங்கே மேலே ஏறி, தூரப் பயண வண்டிகள் நிற்கும் பெரிய மண்டபத்துக்கு வந்துவிடுங்கள். நமக்கு வேண்டியது ஆர் வழித்தட வண்டி. மொந்தரோ அல்லது மொந்தார்ஜி பக்கம் போகும் வண்டிகளின் நிறுத்தங்களில் "ஃபொந்தேன்புளோ அவோன்" இருக்கிறதா என்று பலகையில் பாருங்கள். மேடை எழுத்தைக் கடைசி நேரத்தில்தான் போடுவார்கள், பதறாமல் நில்லுங்கள். சுமார் 40 நிமிடப் பயணம். மெலன் தாண்டியதும் கட்டடங்கள் குறைந்து இரண்டு பக்கமும் காடு வரும்.

பாதை வேலை என்று வண்டிகளை நிறுத்துவது இங்கே சாதாரணம், அதுவும் வார இறுதியில். ஆகவே முதல் நாள் இரவே ஐடிஎஃப் மொபிலிதே செயலியில் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். நிலையத்திலிருந்து அரண்மனை கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர். வாசலிலேயே பஸ் நிற்கும், அதற்கும் நவிகோ செல்லும். நடக்கக்கூடியவர்கள் அவோன் ஊருக்குள்ளால் பூங்காவுக்கு வந்து, நீண்ட கால்வாயின் ஓரமாகவே போகலாம். 1600களில் நான்காம் ஹென்றி வெட்டுவித்த கால்வாய் அது, 1.2 கிலோமீட்டர் நீளம். கோடையில் நான் பஸ்ஸை விட்டுவிட்டு இந்த வழியாகப் போகத்தான் சொல்வேன்.

முற்றங்களுக்கும் தோட்டங்களுக்கும் கட்டணம் இல்லை. டிக்கெட் உள்ளே அறைகளைப் பார்ப்பதற்கு மட்டும்தான், அதிலும் பலருக்கு இலவசம் என்பது நம் ஆட்களுக்குத் தெரிவதில்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் இலவசம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வதிவிட அனுமதியோடு இருக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், நீங்கள் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், இலவசம். வேலை தேடுவோராகப் பதிந்தவர்களுக்கும் எர்எஸ்ஆ (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவித்தொகை) வாங்குபவர்களுக்கும் அப்படியே. கார்டையோ, அண்மையில் எடுத்த சான்றிதழையோ கொண்டுபோங்கள். இவற்றில் எதிலும் அடங்காதவர்கள் மாதத்தின் முதல் ஞாயிறு போகலாம், ஜூலை ஆகஸ்ட் தவிர. அன்று கூட்டம் இருக்கும், ஆனால் வேர்சாய் கூட்டத்துக்கு அது ஒன்றுமே இல்லை.

உள்ளே 1,500க்கும் மேற்பட்ட அறைகள். எல்லாவற்றையும் திறந்து வைக்கவில்லை, திறந்தவற்றையும் முழுக்கப் பார்க்க முயலாதீர்கள். பிள்ளைகள் இரண்டு மணி நேரத்தில் களைத்துவிடுவார்கள். நான் சொல்வது மூன்று இடம்.

முதலாவது, முதலாம் பிரான்சுவா மன்னனின் நீண்ட கூடம். 1528இல் பழைய கோட்டையை இடித்துக் கட்டத் தொடங்கிய இந்த மன்னன், இத்தாலியிலிருந்து ரோஸ்ஸோ என்ற ஓவியரை வரவழைத்து இதை அலங்கரிக்கச் செய்தான். சுவரின் கீழ்ப்பாதி வால்நட் (அக்ரூட்) மரச் செதுக்கல், மேற்பாதி சுதைச் சிற்பங்களும் சுவரோவியங்களும். அங்கே ஒரு யானை நிற்கும், தேடிப் பிடியுங்கள். பிரெஞ்சு அரச சின்னமான லில்லிப் பூக்கள் போட்ட துணி போர்த்தி, நெற்றியில் பட்டத்தோடு, நம் கோயில் யானை போலவே நிற்கும். பட்டத்தை உற்றுப் பார்த்தால் ஒரு பல்லி மாதிரி உருவம் தெரியும். அதுதான் சலமாந்தர், மன்னனின் சின்னம். கூடம் முழுக்க அது ஒளிந்திருக்கிறது. எத்தனை என்று எண்ணச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் உங்களைத் தொல்லை செய்யமாட்டார்கள்.

இரண்டாவது, சிம்மாசன அறை. அரசர்களின் படுக்கையறையாக இருந்ததை 1808இல் நெப்போலியன் இப்படி மாற்றினான். அவன் சிம்மாசனம் இன்னும் அங்கேயே இருக்கிறது. பக்கத்தில் ஒரு சிறிய அறையில் சின்ன வட்ட மேசை ஒன்று இருக்கும், பார்க்கச் சாதாரணமாக. 1814 ஏப்ரலில் முடி துறந்த கையெழுத்தை அவன் அதில் வைத்துத்தான் போட்டான் என்பார்கள். எனக்குச் சிம்மாசனத்தை விட அந்த மேசைதான் பிடிக்கும்.

மூன்றாவது வெளியே, முன் முற்றத்தில். குதிரை லாட வடிவில் இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் படிக்கட்டு. 1814 ஏப்ரல் 20 அன்று நெப்போலியன் அதில் இறங்கி வந்து, முற்றத்தில் நின்ற தன் காவற்படையிடம் விடைபெற்று எல்பா தீவுக்குப் போனான். எல்லோரும் படம் எடுக்கும் இடம், நீங்களும் எடுங்கள்.

நேரம் இருந்தால் மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனி அரசியின் சீன அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 1860இல் பெய்ஜிங் கோடை அரண்மனையைக் கொள்ளையடித்துக் கொண்டுவந்த பொருட்கள் அதில் இருக்கின்றன. சியாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் அனுப்பிய அன்பளிப்புகளும் பக்கத்திலேயே. கொள்ளையும் அன்பளிப்பும் ஒரே அலமாரி வரிசையில் இருப்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

இன்னொன்று, வழிகாட்டிப் பலகைகளில் சட்டென்று கண்ணில் படாதது. 1685 அக்டோபரில் பதினான்காம் லூயி இங்கே இருந்தபோதுதான் பிரான்சில் புரட்டஸ்தாந்து மதத்துக்குத் தடை போட்ட ஆணை பிறந்தது. அதன் பேர் ஃபொந்தேன்புளோ ஆணை. ஏறத்தாழ 2 லட்சம் பேர் லண்டன், ஹாலந்து, ஜெர்மன் பகுதிகள் என்று ஓடினார்கள், பலர் இரவோடு இரவாக எல்லை கடந்து. அகதியாக வந்த நம் ஆட்களுக்கு இதைப் பற்றி விளக்கம் தேவையில்லை.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். அரண்மனைக்கு எதிரே கடைகள் இருந்தாலும் ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட்டால் நவிகோவில் மிச்சம் பிடித்தது போய்விடும். காலையில் லாச்சப்பலில் ரோல்ஸ், வடை வாங்கினால் போதும், அல்லது வீட்டிலேயே எலுமிச்சைச் சாதம். குழம்பு வேண்டாம், ரயிலில் சிந்தினால் வினை. அலங்காரத் தோட்டத்துப் புல்லில் உட்காராமல், கால்வாய்ப் பக்கப் பூங்காவில் துணி விரித்துக்கொள்ளுங்கள். பெரிய பயணப் பைகளோடு அரண்மனைக்குள் விடமாட்டார்கள், ஆகவே சின்னப் பையாக எடுங்கள்.

குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் முந்தியே, மாலை 5க்கு, மூடிவிடுவார்கள். கடைசி அனுமதி அதற்கும் முன்னால். பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தால் மத்தியானத்துக்குள் உள்ளே முடித்துவிடலாம். மிச்ச நேரத்தில் காட்டுக்குள் போவதென்றால் நீளக் காற்சட்டையும் காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே உண்ணிகள் உண்டு. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, கழுத்து, தலைமுடி எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் மருந்தகத்தில் உண்ணி எடுக்கும் சின்னக் கொக்கி கிடைக்கும். எண்ணெய் தடவாதீர்கள், கொக்கியை மாட்டித் திருகி எடுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரிடம் போங்கள்.